ஒட்டி முடிக்கிற வரைக்கும்

மகளோடு சேர்ந்து ஒரு விமானம் செய்யும் சுகத்துக்கு எட்டாயிரம் ரூபாய் விலை வைத்து, தணிகாசலம் முகப்பேர் கடைக்குத் தீபிகாவை அழைத்து வந்திருந்தான்.

துண்டுகளை ஒட்டிச் செய்து, கையால் வீசிப் பறக்கவிடும் ரிமோட் கிளைடர் பெட்டிகள் இரண்டை, மரத்தில் ஒன்று, ஃபோமில் ஒன்று என, கடைக்காரர் சுலைமான் எடுத்து வைத்தார்.

"ஞாயித்துக்கெழம மட்டுந்தான் ஒட்டுவோம் பாய். எது லேட்டாவும்?" என்றான் தணிகாசலம்.

"மரம்தான். எட்டாயிரம், இருபது வாரம் இழுக்கும். ஃபோம் ஐயாயிரம், ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

"மரமே குடு."

"எனக்கு ஃபோம்தான் வேணும்!" என்று அடம்பிடித்தாள் தீபிகா.

"பாப்பாவுக்குப் பறக்கவிட அவ்ளோ அவசரம்," என்று சிரித்தார் சுலைமான்.

"இல்ல அங்கிள். இத ஒட்டி முடிக்கிற வரிக்கும்தான் அப்பா ஊட்டுக்குப் போவணும்னு அம்மா சொல்லிக்கீது."

தணிகாசலம் மர கிளைடர் பெட்டியை மெல்லத் திருப்பித் தள்ளினான்.

மூவாயிரம் ரூபாய் மிச்சம். பத்தொன்பது ஞாயிறு நஷ்டம்.