புரட்டாசியில் மீன் வாடை

அபிநயா முதல் முட்டையை உடைத்துக் காய்ந்த கல்லில் ஊற்றியதுமே சமையற்கட்டில் மீன் வாடை எழுந்தது.

மீன் சமைக்கிற இடமில்லை அது. கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரில் மகளிர் குழு நடத்தும் கேன்டீன். காலையில் இட்லி, மதியம் சாப்பாடு. புரட்டாசியிலும் ஆம்லெட் கேட்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

கொள்முதல் அபிநயாவின் பொறுப்பு. அவள் மோந்து பார்க்காமல் ஒரு முட்டையும் உள்ளே போகாது.

தன் பண்ணை முட்டையோடு வந்திருந்த காசியம்மாளுக்கும் வாடை எட்டியது. நைனார்பாளையத்திலிருந்து ஆட்டோவில் மடியிலும் காலடியிலும் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்த ட்ரேக்கள். பழுப்பு ஓடு பளபளக்கும் முட்டைகள். ஒன்றுகூட விரிசல் விடவில்லை.

அபிநயா இரண்டாவது ட்ரேயிலிருந்து ஒன்றை உடைத்தாள். அப்புறம் அடி ட்ரேயிலிருந்து ஒன்று. கல்லின் மேல் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

கதவோரம் அரங்கநாதன் டீயோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் கோழிப் பண்ணைக்காரர்தான். போன மாதம் இதே வாடைக்காக அவருடைய முட்டையை அபிநயா திருப்பி அனுப்பியிருந்தாள். இன்றைக்கு அவருக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. காசியம்மாள் முட்டை கொண்டுவரும் நாள் என்று தெரிந்துதான் வந்திருந்தார். டீயைக் குடிக்கவும் மறந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"தீனியில இன்னா மாத்துனீங்க?" என்றாள் அபிநயா.

காசியம்மாளுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. நாக்கு வரை வந்துவிட்டது. கல்லில் கருகத் தொடங்கிய முட்டையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"சோயா வெலை ஏறிப்போச்சி. பாதிக்குக் கடுகுப் புண்ணாக்குப் போட்டேன்."

கோழிகள் மறுக்காமல் தின்றன. முட்டையும் குறையவில்லை. புரட்டாசி என்று அவள் வீட்டில் யாரும் முட்டையைத் தொடவில்லை. வெளியே இருந்து பார்த்தால் நல்ல முட்டை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"நூறு கிலோ தீனியில அஞ்சு கிலோவத் தாண்டக்கூடாதுங்க. செவப்பு முட்டைக் கோழிக்கு அதுவே ஜாஸ்தி. கடுகுல இருக்கறது அதுங்களுக்குச் செரிக்காது, வாடை நேரா முட்டைக்கு வந்துடும். இப்படியே போட்டுக்கினு இருந்தா கோழிக்கு ஈரலும் கெட்டுப்பூடும்."

அபிநயாவின் குரல் நடுங்கவில்லை. ட்ரேயைப் பிடித்திருந்த விரல்கள்தான் இறுகியிருந்தன.

"எடுத்துக்கினு போயிடுங்க. தீனிய மாத்தி, வாடை போனப்புறம் கொண்டாங்க."



காசியம்மாளின் காது மடல் சுட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கொண்டுபோன பொருளை ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அந்த விரல்கள் கண்ணில் பட்டன. சொல்ல வந்தது எதுவென்றே மறந்துபோயிற்று.

குனிந்து ட்ரேக்களை அடுக்கினாள். ஒரு பக்கம் அபிநயா பிடித்துக்கொள்ள, வாசல் வரை இருவருமாகத் தூக்கி வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அபிநயா உள்ளே போனதும் அரங்கநாதன் பக்கத்தில் வந்தார்.

"இன்னாம்மா, உன்னையும் திருப்பிடுச்சா அந்தப் பொண்ணு?"

அவர் குரலில் கேலி இல்லை. ஏமாற்றம்தான் இருந்தது.

போன மாதம் இதே வாசலில் நின்றுகொண்டு, கோர்ட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க அவர் கத்திவிட்டுப் போயிருந்தார்: "எங்க முட்டைதான் நாறும். இவ மாமியா கொண்டாந்தா மணக்கும், பாருங்க!"

"ஆமாய்யா, என்னையேதான் திருப்பிட்டா" என்றாள் காசியம்மாள். உள்ளே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

அரங்கநாதன் ஆறிப்போன டீயைக் கீழே ஊற்றிவிட்டு நடந்தார்.

ஷேர் ஆட்டோவில் இடம் நெருக்கடி. பக்கத்தில் ஜவுளிப் பையோடு உட்கார்ந்திருந்த பெண், முட்டை உடைந்துவிடப் போகிறதே என்று காலை ஒடுக்கிக்கொண்டாள். எங்கே போகிறாய் என்றோ, இத்தனை முட்டை எதற்கு என்றோ அவள் கேட்கவில்லை.

காசியம்மாள் தானாகவே ஆரம்பித்தாள்.

"டவுன்ல எம் மருமவ ஒருத்தி இருக்கா. மாமியா முட்டைன்னாலும் மோந்து பாக்காம உள்ள வுடமாட்டா…"