ஒரே பாத்திரம்

சிட்லபாக்கம் ஆலயத்தில், எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பருகும் திருவிருந்து நடக்கிறது. பீடத்தின் முன் முழங்காலிட்டிருக்கும் கிருபாவதியின் வெள்ளைப் புடவையில் சன்னல் கண்ணாடியின் சிவப்பு விழுந்திருக்கிறது. பக்கத்தில் வந்து முழங்காலிடுகிறார் ஞானசிகாமணி. அவள் மகனைத் தண்ணீர் லாரி அடித்துக் கொன்ற வழக்கு இன்னும் முடியவில்லை; அதில், பையன்மீதுதான் தப்பு என்று பொய்ச்சாட்சி சொன்னவர் இவர். "மன்னிச்சிடும்மா. பேதுரு, இயேசுவைத் தெரியவே தெரியாதுன்னு மூணு தரம் பொய் சொன்னாரு, அவருக்கே மன்னிப்பு கிடைச்சுதே," என்று முணுமுணுக்கிறார். "அனனியா ஒரே பொய்தான் சொன்னான், அங்கேயே விழுந்து செத்தான். அதுவும் அதே வேதத்துலதான் இருக்கு," என்கிறாள் கிருபாவதி. தூரத்தில் மின்சார ரயில் கடக்கிறது. அவள் குடித்த விளிம்பைத் துணியால் துடைத்து, திராட்சரசப் பாத்திரத்தை அவரிடம் நீட்டுகிறார் போதகர். ஞானசிகாமணி அதில் வாய் வைக்காமல் முகத்தைப் பின்னுக்கு இழுக்கிறார். அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள்: "குடிங்கண்ணா, ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் கோர்ட்டுக்கு உயிரோட வந்து உண்மையைச் சொல்லணும்ல?"