முதல் கொத்து

மின்சாரம் தாக்கி விழுந்த ஆண் காகத்தைச் சுற்றி மற்றவை சத்தமில்லாமல் வந்து இறங்கின. அதன் ஜோடி மட்டும் வாய் திறந்து ஒருமுறை கரைந்தது. எல்லாத் தலைகளும் அதன் பக்கம் திரும்பின.

"என்னம்மா, ஊரையே கூட்டுறே?" என்றது நொண்டிக் காகம்.

"செத்தது என் ஆளு, அண்ணே. போன மழையில உங்க தம்பி செத்தப்ப எல்லாரும் பொழுது சாயுற வரைக்கும் கரைஞ்சோமே?"

"நானா? கரைஞ்சேனா?" நொண்டிக் காகம் மற்றவற்றைப் பார்த்தது. "யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

யாருக்கும் இல்லை.

"அந்த முள்வேலியில ஒட்டியிருக்குதே இறகு, அது போன வாரம் இப்படிக் கத்தினவளோடது. அதுதான் ஞாபகம் இருக்கு" என்றது ஒரு கிழக் காகம். சில காகங்கள் சிரித்தன. கூட்டம் ஓரடி நெருங்கி வந்தது.

பெண் காகம் வேலியிலிருந்த இறகைப் பார்த்தது.

"எனக்கும் ஞாபகமில்லை, அண்ணே."

"நல்ல பொண்ணு" என்று நொண்டிக் காகம் விலகி வழிவிட்டது. "ஜோடிக்குத்தான் முதல் கொத்து. என்னைக்கும் நம்ம வழக்கம் அதுதானே."

பெண் காகம் தன் ஜோடியின் உடல்மேல் குனிந்தது.

பிறகு அது மதில்மேல் போய் உட்கார்ந்து, அலகை இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டது.