அம்மா பேரைச் சுட்டவன்

பெத்த தாயோட பேரை நெருப்பு வச்சு அழிச்சவனை நீங்க பாத்திருக்கீங்களா? ஹாலிஎலைக்கு மேல இருக்குற எங்க தேயிலைத் தோட்டத்துல ஒருத்தன் இருந்தான். வேலாயி மகன் ரமேஸ்.

தொண்ணூத்தேழாம் வருசம், யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம். ரமேஸ் கொழும்புல புஹாரி முதலாளியோட புடவைக் கடையில வேலைக்கு இருந்தான். மொத சம்பளத்துல கதிர்காமத் திருவிழாவுக்குப் போயி, வலது கையில 'வேலாயி'ன்னு தமிழ்ல பெருசா பச்சை குத்திக்கிட்டு வந்தவன் அவன். அப்ப வேலாயிக்குத் தலைகால் புரியலை.

"ஊர்ல பொண்டாட்டி பேரைக் குத்துறானுங்க. எம் மகன் எம் பேரைக் குத்தியிருக்கான்"னு கொழுந்து மலையில ஒருத்தர் விடாமச் சொல்லி முடிச்சா.

அந்த மகன்தான் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயித்துக்கெழம அதைச் சுட்டுக்கிட்டான்.

அன்னைக்கு வேலையில்லை, லயமே வீட்டுல இருந்துச்சு. எங்க லயம்னா ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒத்தை அறைக் காம்பராதான்; ரெண்டு காம்பராவுக்கு நடுவுல இருக்குற செவுரு கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினா அந்தப் பக்கம் கேக்கும். பக்கத்துக் காம்பரா பாக்கியலெட்சுமிக்கு அது பெரிய வசதி.

"எம் பேரு ஒனக்கு அசிங்கமாப் போச்சாடா?"

"ஆமா, அசிங்கந்தான். கடையில எல்லாரும் சிரிக்கிறானுங்க."

"அப்ப அழிச்சுக்க. அடுப்புல கொள்ளி எரியுது, எடுத்து வச்சுக்க."

அடுத்தாப்புல ரமேஸ் கத்துன கத்து மேல் லயம் வரைக்கும் கேட்டுச்சு. தோல் கருகுற வாடை வந்துச்சு.

பாக்கியம் ஓடி வந்து பாத்தப்ப, வேலாயி வாசல்ல நின்னு ரெண்டு கையாலயும் மண்ணை வாரி மகன் மேல தூத்திக்கிட்டிருந்தா.

"நீ வெளங்கவே மாட்டடா. நாசமாப் போயிருவ."

பெத்தவ மண்ணை வாரித் தூத்துறதுக்கு மேல ஒரு சாபம் இருக்கா? பாக்கியம் வாயில அடிச்சுக்கிட்டா. அடிச்சுக்கிட்ட வாய் அப்புறம் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள்ள தண்ணி புடிக்கிற பீலியில, கடையில, கோயில்ல எல்லாம் அதே பேச்சு.

"இவனுக்கு ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி குடுக்காதீங்க"ன்னு தோட்டத் தலைவர் அழகர் தீர்ப்பே சொல்லிட்டாரு. சொன்னதுல தப்பில்லைன்னுதான் எல்லாரும் நெனச்சோம்.

ரமேஸ் கையில துணியைச் சுத்திக்கிட்டு இஸ்தோப்புத் திண்ணையில தலையக் குனிஞ்சு ஒக்காந்திருந்தான். வேலாயி அவனைத் தாண்டிப் போனா, வந்தா. மூஞ்சியப் பாக்கலை.

செவ்வாக்கெழம காலையில, பேர் குடுத்து வேலை வாங்குற பெரட்டுக்குக் கெளம்புற நேரம், பொலிஸ் ஜீப் வந்து லயத்து முன்னால நின்னுச்சு. முந்தின கெழமதான் கொழும்புல குண்டு வெடிச்சிருந்துச்சு. அங்கேயிருந்து ஊருக்கு வந்த பையங்களை எல்லாம் தேடிக்கிட்டிருந்தாங்க.

இன்ஸ்பெக்டர் ரமேஸ் கையில இருந்த துணியை உருவினாரு.

"இது என்ன காயம்? எங்க குண்டு செஞ்சே?"

சிங்களத்துல கேட்டாரு.  ஜீப்போட பின் கதவைத் தொறந்தாச்சு. அதுல ஏறுனவன் எப்ப வருவான், வருவானாங்கிறதே அந்த நாள்ல யாருக்கும் தெரியாது.

பாக்கியம்தான் முன்னால வந்தா.

"மாத்தியா, குண்டுமில்லை ஒண்ணுமில்லை. பெத்த அம்மா பேரைப் பச்சை குத்தியிருந்தான். அசிங்கம்னு கொள்ளிய வச்சுச் சுட்டுக்கிட்ட பாவி இவன். இந்தக் காதால கேட்டேன்."

அழகர் அதைச் சிங்களத்துல சொன்னாரு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள லயமே பேச ஆரம்பிச்சிருச்சு. ஒரு செத்த வீட்டைப் பத்திக் கேட்டாக்கூட ஆளுக்கொரு கதை சொல்ற சனம், அன்னைக்கு ஒரே கதையச் சொல்லுச்சு.

இன்ஸ்பெக்டர் வேலாயியப் பாத்தாரு. "நெசமா?"

வேலாயி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. "வேணும்னா ஏத்திட்டுப் போங்க மாத்தியா. இவன் எனக்கு மகனே இல்லை."

 அப்புறம் இன்ஸ்பெக்டர் ரமேஸ் கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டாரு. "அம்மா பேரையாடா சுட்டே?" அவ்வளவுதான், ஜீப் திரும்பிப் போயிருச்சு.

"ஒரு அறை பத்தாது"ன்னாரு அழகர். எல்லாரும் ஆமான்னுட்டு பெரட்டுக்கு நடந்தோம்.

பாக்கியம் பாதி வழியில, கொழுந்துக் கூடையை மறந்துட்டோமேன்னு அவ காம்பராவுக்குத் திரும்பி வந்தா. கூடையை எடுக்கக் குனிஞ்சப்ப செவுத்துக்கு மேலால தேங்காண்ணெய் வாசம் வந்துச்சு. அவ பெரட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சிருப்பாங்க.

"கையக் குடு ராசா. இன்னும் எரியுதா?"

"இல்லம்மா."

"நாந்தான் பாவி, கொள்ளிய அவ்வளவு அழுத்திட்டேன். ஒரு எழுத்து மிச்சம் இருந்தாலும் ஒங் கடையில வேலை செஞ்ச பையன் மாதிரி ஒன்னையும் பொலிஸ்காரனுங்க கொண்டு போயிருவானுங்கன்னு பயந்துட்டேன். அவன் கையில பச்சை குத்தியிருந்தது அவன் தங்கச்சி பேரு. தமிழ்ல இருந்துச்சுங்கிறதுக்குத்தானே கொண்டு போனானுங்க?"

பாக்கியம் கூடையும் கையுமா நின்னா.

"சுட்டதுகூடப் பரவால்லம்மா. நீ மண்ணை வாரித் தூத்துனதுதான் தாங்கலை."

வேலாயி சொன்னா:

"தூத்தாட்டி பாக்கியம் நம்பியிருக்க மாட்டாடா. அவ நம்புனாத்தானே பொலிஸ் நம்பும்?"