பதினோராவது தீர்மானம்

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஆணையர்கள் கூட்டத்தில் ஒப்புதல் பட்டியல் என்று ஒன்று உண்டு. சர்ச்சை இல்லாத தீர்மானங்களையெல்லாம் அதில் சேர்த்து, படிக்காமலே ஒரே ஓட்டில் முடித்துவிடுவார்கள். அதைத் தட்டச்சு செய்யும் குமாஸ்தா நான்.

இன்று காலை சேற்று பூட்ஸோடு ஒருவன் எழுந்து நின்றான். வீடு இடிக்கும் எந்திரத்தை ஓட்டுகிற லானி.

“ஐயா, பதினோராவதை மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாத்துருங்க.”

தலைவர் மெர்ல் சுத்தியலைத் தட்டினார். “பொதுமக்கள் பேசறது ஓட்டுக்கு அப்புறம்தான் தம்பி. உக்காரு.”

“அப்புறம் சொல்லிப் பிரயோசனமில்லீங்க.”

“அப்ப சொல்லாத.”

மற்ற ஆணையர்கள் சிரித்தார்கள். ஐந்து கைகளும் உயர்ந்தன.

“இப்பப் பேசு. மூணு நிமிஷம்.”

லானி தொப்பியைக் கசக்கினான். “அது பாழடைஞ்ச வீட்டை இடிக்கிற உத்தரவுங்க. பாழடைஞ்சது இருபத்தொண்ணாம் நம்பர். பேப்பர்ல பன்னெண்டுன்னு இருக்கு. அந்த வீட்டு ஜன்னல்ல பூந்தொட்டி இருக்குங்க. முதலாளிகிட்ட சொன்னேன், பேப்பர்ல இருக்கறதைத்தான் இடிப்பேன்னுட்டாரு. அவரே எந்திரத்துல உக்காந்து இந்தக் கூட்டத்தை போன்ல நேரலையா பாத்துக்கிட்டிருந்தாரு. ஓட்டு விழுந்ததுமே கிளப்பியிருப்பாரு.”

நான் என் நகலைப் பார்த்தேன். பன்னிரண்டு. நான் அடித்ததுதான்.

“எந்தத் தெரு?” என்றார் மெர்ல்.

“மில் தெரு.”

மெர்ல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். அவருடைய அம்மா எப்போதும் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார்.

அவர் போனில் அடிக்கும் மணியை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது. பத்து.