ஏழு ஆண்டு கேட்ட கிழவன்

எழுத்துலகுக்கு நான் புதியவன். கற்றறிந்தோர் படிக்கும் பக்கத்தில் இடம் கேட்கும் துணிச்சலைப் பொறுத்தருள வேண்டுகிறேன். பேஸ்பால் பற்றி நான் அறிந்தது கையளவு. பிழை தென்பட்டால் அது ஆட்டத்தின் பிழையன்று, என்னுடையதே.

“இந்தக் கிழவனை இன்னைக்கே வெளிய அனுப்பிடப் போறேன்” என்றார் கணவர்.

“பாவம்ங்க. முப்பத்தொன்பதெல்லாம் ஒரு வயசா?” என்றாள் மனைவி, தலையைத் தூக்காமலேயே. அவள் கணித ஆசிரியை. மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா.

கிழவன் இருந்தது தொலைக்காட்சித் திரையில். நிஜத்தில் உள்ள ஒரு பேஸ்பால் அணியை, அதே ஆட்டக்காரர்களோடு, நிர்வாகியாக இருந்து நடத்தும் வீடியோ கேம் அது. ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் பேசி வேண்டியவரை வைத்துக்கொள்ளலாம், படியாதவரைக் கழற்றிவிடலாம்.

கணவர் அதைத் தொடங்கியதே மாலைப் பொழுதைத் தள்ளத்தான். அவருடைய வேலை ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. இன்னும் ஓராண்டு நீட்டிப்பதாகச் சொன்ன நிர்வாகம், ஆறு மணிக்குள் பதில் கேட்டிருந்தது. இந்த வேலையை விட்டால் வேறு வேலை அவருக்குத் தெரியாது.

ஆனாலும் ‘ஓராண்டு’ என்ற சொல் அவருடைய ரோஷத்தைக் கிளறிவிட்டது. வலது தோளில் ஐஸ் பை கட்டியிருந்ததால், அவர் சொல்லச் சொல்ல மனைவிதான் மதியம் பதிலைக் கைப்பேசியில் தட்டினாள். அங்கிருந்து மறுமொழி வரட்டும் என்று அவர் காத்திருந்தார்.

திரையில், முப்பத்து நான்காம் எண் சட்டை அணிந்த பந்துவீச்சாளர் கைகட்டி நின்றார்.

“மூக்குதான் சரியா வரல” என்றாள் மனைவி, எட்டிப் பார்த்து.

“மூக்கா முக்கியம்? தோள் பலத்தைப் பாரு. தொண்ணூறுல இருந்தது நாப்பதுக்கு வந்து நிக்குது.”

பழகிய ஆளாயிற்றே என்று அவர் தாராளமாகத்தான் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் தருவதாகப் பொத்தானை அழுத்தினார். பந்துவீச்சாளர் தலையை ஆட்டி மறுத்தார். ‘ஏழு ஆண்டுகள்’ என்று திரையில் எழுத்து ஓடியது.

“ஏழா! நாப்பத்தாறு வயசுல இவன் பந்தைத் தூக்குவானா, இல்ல நாலு பேர் சேர்ந்து இவனைத் தூக்கணுமா?”

“பேரம்னா முன்னப்பின்னத்தான் இருக்கும். இன்னொரு தடவை கேளுங்க.”

மூன்று ஆண்டுகள் என்றார். விடுதியில் தனி அறை, பேருந்தில் முன் இருக்கை என்று சலுகைகளையும் சேர்த்தார். ‘உங்கள் முன்மொழிவால் இவர் மனம் புண்பட்டுள்ளார்’ என்றது திரை.

“புண்பட்டுட்டாராம்! ராஜ பரம்பரை!”

“ஒரு காலத்துல அந்த டீமையே அவர்தானேங்க தூக்கி நிறுத்தினார்?”

“அது போன மழைக்குப் பிடிச்ச குடை. இந்த மழைக்கு ஆகுமா?” நாற்காலி யாரைத் தாங்கினாலும் அதன் புத்தி ஒன்றுதான் போலும், கணவரின் குரலே நிர்வாகியின் குரலாகிவிட்டது. “ஆசை இருக்கலாம், அளவு வேணாமா? எந்த ஊர்லயாவது எவனாவது இப்படி நாக்கூசாமக் கேப்பானா? கேம் செஞ்சவனுக்கு உலகமே தெரியல. நிஜத்துல ஒரு வருஷம் கொடுத்தாலே ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திப்பான்.”

மனைவி ஒரு விடைத்தாளில் பூஜ்யம் போட்டு, அதன் கீழ் நிதானமாகக் கோடிட்டாள். “அப்ப அந்த ஒரு வருஷத்தையே கொடுத்துப் பாருங்களேன்.”

“இனிமே அதுவும் கிடையாது. கேட்ட வாய்க்கு அதான் கூலி.”

பொத்தானை அழுத்தினார். பந்துவீச்சாளர் பையை மாட்டிக்கொண்டு நடைக்கூடத்தில் நடந்தார். அவருக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கணவர் வெற்றிப் பெருமிதத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

வெளியே தூறல் விழத் தொடங்கியது. மனைவி பால்கனிக்கு ஓடி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த கணவரின் சட்டையை எடுத்து வந்தாள். மடிப்பதற்காக அதைத் திருப்பி அவர் மடியிலேயே விரித்தாள்.

சட்டையின் முதுகில், இரண்டு கை அகலத்துக்கு, முப்பத்து நான்கு என்ற எண்.

அவர் சட்டையைப் பார்த்தார். இருண்ட திரையைப் பார்த்தார். தோளிலிருந்து நழுவிய ஐஸ் பை தரையில் விழுந்து உடைந்தது.

“உங்க டீம்லேர்ந்து உங்களை நீங்களே கழற்றி விட்டுட்டீங்க” என்றாள் மனைவி. “கேம்ல இருக்கிறவராவது ஏழுதான் கேட்டார். மத்தியானம் நீங்க எட்டு கேட்டீங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடிக்க ஐந்தே நிமிடம். முகத்தில் ஈயாடவில்லை.

“ஐயோ, இந்நேரம் அங்க படிச்சிருப்பாங்களே! அந்த நாற்காலில நான் உட்கார்ந்தே என்னை வெச்சுக்கலையே, அவங்க எப்படி வெச்சுப்பாங்க?”

மனைவி சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, கைப்பேசியை அவரிடம் நீட்டினாள்.

“இன்னும் அனுப்பலைங்க.”

அன்றைய இழப்பு: திரையில் ஒரு பந்துவீச்சாளர், தரையில் ஓர் ஐஸ் பை, எட்டு ஆண்டுகளில் ஏழு.