பேரைப் போட்டே பேசுங்க

முதல் குற்றம்: ஞாயிறு ஆராதனையில் போதகர் கோபத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். "காபி ஆறிப்போச்சுன்னு மனைவி முன்னால டம்ளரை ணங்குனு வைக்கிறவர் நம்ம நடுவுலயும் இருக்கலாம்" என்றார். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாவது குற்றம்: அடுத்த ஞாயிறு, பொறாமை. "எதிர்ல கூட்டம் சேருதேன்னு திரையை விலக்கி எட்டிப் பார்த்து வயிறெரியறவரும் இருக்கலாம்." பல் டாக்டருக்கு வியர்த்தது. அவர் கிளினிக்குக்கு நேர் எதிரே இன்னொரு பல் டாக்டர் கடை விரித்திருந்தார்.

மூன்றாவது குற்றம், மன்னிக்கவே முடியாதது: "சொந்த ரத்தம் போன்ல கூப்பிடும்போது, மணி அடிச்சு ஓயட்டும்னு சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறவர்..."

சபைச் செயலாளருக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் ஆலை வாசலில் ஒலிபெருக்கி இல்லாமல் நாலு தெருவுக்குக் கேட்கப் பேசிய தொழிற்சங்கத் தலைவர் அவர். எல்லோருக்கும் அவர் 'முழக்கம்'. மகள் அதே ஆலையில் மேலாளராகச் சேர்ந்ததிலிருந்து, அவள் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

நிர்வாகத்துக்கு எதிராக எழுதிப் பழகிய கை, போதகருக்கு எதிராக எழுதியது. சபைக் குழு கூடியது.

"பிரசங்கத்துக்கு விஷயம் வேணும்னா வேதத்துல தேடுங்க ஐயா. எங்க வீட்டு அடுக்களைல ஏன் தேடறீங்க?" என்றார் தையல்காரர்.

"வாராவாரம் மேடையேறணும். ஏதாவது உயிருள்ளதா சொல்லணுமே..."

"அதுக்கு எங்களைப் போட்டுக் கிழிக்கணுமா?"

முழக்கம் மேசையைத் தட்டினார். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

"அப்ப வானத்துலேருந்து விழுந்துச்சா?"

போதகரின் முகம் சிவந்தது.

"சரி, நானே சொல்றேன். தையல் கடை, கிளினிக், என் வீடு. மூணையும் பெருக்கறது ஒரே ஆள்."

ஆலயத்தைப் பெருக்குவதும் அதே ஆள்தான். அதன் பின்னறையில் தனியாகக் குடியிருக்கும் அந்த அம்மாளை எல்லோரும் அக்கா என்பார்கள். கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை அண்ணா. அந்த அறையை விட்டா எனக்குப் போக்கிடம் இல்லை."

"அதை ஊர்க்கதை பேசறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் காலி பண்ணிடும்மா."

விசாரணை இல்லாமல் ஓர் ஆளைக்கூட வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர், விசாரணையை அத்தோடு முடித்துவிட்டார்.

அக்கா போதகரைப் பார்த்தார். போதகர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"இன்னொண்ணு" என்றார் முழக்கம். "மூடி மறைச்சுக் குத்தற வேலை இனி வேண்டாம். யாரைப் பத்திப் பிரசங்கமோ, அவர் பேரைப் போட்டே பேசுங்க. அறிவிப்புத் தாள்ல எழுதிக் கொடுங்க, சபை முன்னால நானே வாசிக்கறேன்."

மிரட்டத்தான் சொன்னார்.

"சரி" என்றார் போதகர்.

குழுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நிற்க இடமில்லை. வழக்கமாகப் பிரசங்கத்தில் கண்ணயர்கிறவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் வாசலோரமாக இருந்தார்.

"என்ன, ஓடறதுக்கு வசதியாவா?" என்று கிசுகிசுத்தார் பல் டாக்டர்.

"உங்களுக்கும் இடம் போட்டு வச்சிருக்கேன் டாக்டர். உட்காருங்க."

கடைசிப் பெஞ்சில் அக்கா. காலடியில் துணி மூட்டை.

பாட்டு முடிந்தது. முழக்கம் எழுந்து அறிவிப்புத் தாளைப் பிரித்தார். பெண்கள் கூட்டம் புதன்கிழமை. பாடகர் குழுப் பயிற்சி சனிக்கிழமை. அடுத்தது போதகரின் கையெழுத்து.

"இன்றைய பிரசங்கம், இயேசு பிடிபட்ட இரவில் தீக்காய்ந்துகொண்டே 'அவரை எனக்குத் தெரியாது' என்று சொன்ன பேதுருவைப் பற்றியது. அவரைப் போலவே, குற்றமற்ற ஒரு பெண்மேல் பழி விழுந்தபோது, உண்மை தெரிந்தும் வாய்மூடி இருந்த ஒருவரைப் பற்றியது."

யாரோ இருமத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள்.

"டம்ளரை ணங்கென்று வைத்ததும் அந்த ஆள்தான். எதிர்த் தெருச் சபையில் சேரும் கூட்டத்தைத் திரை விலக்கிப் பார்த்ததும், தன் சொந்த அண்ணன் கூப்பிட்டால் போனை எடுக்காததும் அவனேதான். பிரசங்கத்துக்கு வாரம் முழுக்கத் தேடினாலும், கடைசியில் அவனுக்குக் கிடைப்பது அவனுடைய குற்றங்கள் மட்டுமே. அதைச் சொல்ல அவன் வெட்கப்பட்டதால் அக்கா தலைகுனிந்தார். அக்கா என்னிடம் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை."

முழக்கத்தின் குரல் தேய்ந்தது. பின்வரிசைக்குக் கேட்காமல் அவர் பேசியதை அன்றுதான் பார்த்தார்கள்.

"பெயர்..." என்று நிறுத்தினார். போதகரின் பெயரை வாசித்தார்.

கடைசிப் பெஞ்சில் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர் மேடைக்கு வர எழுந்தார். முழக்கம் நகரவில்லை.

தாளில் அதற்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி இன்னொரு பெயரையும் வாசித்தார். தன் பெயரை.